ஆண்டுக்கொரு சுத்தம்

சுத்தத்தைப் பற்றிப் பேசுவதில் நம்மவர்களுக்கு இருக்கும் ஆசை, சுத்தமாக இருப்பதில் இல்லை. இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். தீட்டு என்றும், மடி என்றும், முழுக்கு என்றும் சுத்தத்திற்கு இத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் நம் வீடுகளுக்குள், விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு புதன்கிழமை மாலையில் நுழைந்து பாருங்கள். மாதவிலக்கான பெண்ணைப் பூஜையறைப் பக்கம் வரவொட்டாமல் தடுத்த அதே வீட்டில், அந்தப் பூஜையறைப் பூச்சாடியின் தண்ணீர் பத்து நாளாக மாற்றப்படாமல் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். தீட்டு வராமல் காத்துவிட்டார்கள். காய்ச்சல் வராமல் காக்கவில்லை!

நம்மவர் சுத்தம் பண்டிகைச் சுத்தம். போகியன்று ஒரு நாள்; தீபாவளிக்கு முன் இரண்டு நாள். சுவருக்குச் சாயம், திரைச்சீலைக்குச் சலவை, பெண்மக்களுக்கு இடுப்புவலி. பண்டிகை கழிந்த நாலாம் நாள் நாற்காலி மேல் துணிக்குவியல், மேசை மேல் எச்சிற் கோப்பை, மூலையில் ஒட்டடை. இச்சுத்தம் வருகிற விருந்தாளியின் கண்ணுக்காகச் செய்யப்படுவதேயன்றி, அவ்வீட்டில் வாழ்கிறவர்களின் உடம்புக்காகச் செய்யப்படுவதன்று.

தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர் நாம். ஆட்களின் அன்றாட வேலையை அன்றன்றே பதிந்தால் அது சிறு வேலை. மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிந்துகொள்ளலாம் என்று விட்டால், பெயரும் தவறும், கூலியும் தவறும், காரியாலய வாசலில் சண்டையும் மூளும். கணக்கிற்கு ஒத்த இந்த நியாயம் வீட்டிற்கு ஒவ்வாதா? அழுக்கும் கணக்கைப் போன்றதே. அன்றாடம் தீர்த்தால் சில நிமிஷம். சேர்த்து வைத்தால் வட்டியும் முதலுமாக உயிரையே கேட்கும்.

உயிரை என்று நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மலாயாவில் டெங்கிக் காய்ச்சல் பினாங்கில் 1902-ஆம் ஆண்டிலேயே எழுதிவைக்கப்பட்ட நோய். இன்றைக்கும் அது நம் நாட்டை விட்டு அகன்றபாடில்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தண்ணீரைத் தேடி வீட்டுக்குள்ளேயே வருகிறது. பூச்சாடி, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் காலின் கீழ் வைத்த கிண்ணம், குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத குளியலறைத் தொட்டி ஆகியவை அதன் பிரசவ விடுதிகள். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர்பட்டதும் பொரிக்கக் கூடியவை. ஆகையால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். வாரந்தோறும் பிறக்கும் எதிரியை வருஷத்துக்கொரு முறை விரட்டுவோம் என்பது எந்த ஊர் வீரம்? வீட்டில் புழுவைக் கண்டால் குடியிருப்போர் மேல் நடவடிக்கை எடுக்க 1975-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்துக்குப் பயந்தாவது கழுவலாகாதா?

இது நிற்க. தினந்தோறும் கால்மணி நேரம் வீட்டை ஒழுங்குசெய்தால் போதும் என்று உபதேசிப்போர் இப்போது பலர் உளர். உபதேசம் நல்லதே. ஆனால் அது யாருக்குச் செய்யப்படுகிறது? வீட்டுப் பெண்ணுக்கு மட்டும். இங்கேதான் நாம் சண்டைக்கு நிற்கிறோம்.

கணக்குப் பாருங்கள். ஐந்து பேருள்ள குடும்பத்தில் ஆளுக்குப் பதினைந்து நிமிஷ வேலை உண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75 நிமிஷம். ஐவரும் சேர்ந்து செய்தால் கால்மணியில் முடியும். ஒருத்தியே செய்தால் ஒன்றேகால் மணி. வருஷத்திற்கு 456 மணி நேரத்திற்கு மேல். ஆகவே கால்மணிச் சுத்தம் என்பது எல்லாரும் கைவைத்தால் மட்டும் உண்மை. ஒருத்தி தலையில் கட்டினால் பச்சைப் பொய். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், வெயிலில் உரம் போட்டும் உதிரிப்பழம் பொறுக்கியும் திரும்பும் பெண்ணிடம், இன்னும் ஒன்றேகால் மணி உழை என்பது சீர்திருத்தமா? அவளுடைய கணவரும் அதே வெயிலில்தான் உழைத்தார், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் வீடு திரும்பியதும் வேலை முடிகிறது. அவளுக்கு அப்போதுதான் இரண்டாம் பெரட்டு ஆரம்பமாகிறது.

இதனினும் கொடுமை ஒன்றுண்டு. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். இருவருக்கும் மறுநாள் பரீட்சை. துடைப்பம் தங்கையின் கைக்கே வருகிறது. 'அவன் ஆம்பிளைப் பிள்ளை' என்பார் தாயார். ஆண்பிள்ளைக்குக் கை இரண்டு இல்லையா? ஜப்பானியப் பள்ளிகளில் ஆணும் பெண்ணுமான மாணாக்கர்களே தங்கள் வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். அதனால் அந்நாட்டு ஆண்மக்களின் மீசை உதிர்ந்துவிடவில்லை. துடைப்பத்தைத் தொட்டால் கௌரவம் போகும் என்று எண்ணுகிற மகனை வளர்த்தவர்கள், நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு எஜமானனை வளர்த்தவர்கள் ஆவார்கள்.

இனி ஆட்சேபம் ஒன்று. 'லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சாக்கடை அடைத்திருக்கிறது, நிர்வாகம் செப்பனிடவில்லை. நாங்கள் கூட்டி என்ன பயன்?' என்பார் சிலர். தொழிலாளருக்கு வீடு கொடுத்த முதலாளி அதைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டுமென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். கூட்டமாகச் சென்று கேளுங்கள். கூரை நிர்வாகத்தின் கடன்தான். ஆனால் கட்டிலடியில் கிடக்கும் நேற்றைய தட்டும் நிர்வாகத்தின் கடனா? தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களின் வீட்டுக்குள்ளும் அதே தட்டு கிடக்கிறதே. அங்கே யாரைக் குறை சொல்வது?

ஆகவே செய்யவேண்டுவது இது. காலையில் அவரவர் படுத்த பாயையும் போர்வையையும் அவரவரே மடிப்பது, ஐந்து நிமிஷம். இரவு உண்டபின் பத்து நிமிஷம்: ஒருவர் பாத்திரம் கழுவ, ஒருவர் அடுப்படி துடைக்க, ஒருவர் கூட்ட, ஒருவர் குப்பையை அகற்ற, சிறு பிள்ளையும் சிதறிய புத்தகங்களை அடுக்கி வைக்கட்டும். வாரந்தோறும் வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்படி ஒருவருக்கே பட்டா ஆகிவிடக் கூடாது. ஞாயிறன்று தண்ணீர்ப் பாத்திரங்களுக்கென்று இன்னும் பத்து நிமிஷம். தூசியைத் தட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தட்டுவது தூசியை இடம் மாற்றுவதே என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட நூலிலேயே கண்டித்திருக்கிறார். நம் வீடுகளில் தட்டல் இன்னும் ஓயவில்லை.

தீபாவளிக்கு வெள்ளையடிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அடியுங்கள். ஆனால் அதற்கு மறுநாள் இரவு, உண்ட இலையை யார் எடுக்கிறார் என்று பாருங்கள். வீட்டுத் தலைவர் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர் எழுந்து முதலில் தம் இலையை எடுக்கட்டும். அடுத்தபடி துடைப்பத்தை எடுக்கட்டும். அன்றைக்கே அவ்வீடு பாதி சுத்தமாகிவிடும். மீதிப் பாதிக்குக் கால்மணி நேரம் போதும்.