நான்கு இரவு தூங்காத பிள்ளை

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நல்லது. ஆனால், அதையொட்டி எழும் பேச்செல்லாம் தேர்வு பயத்தையும் மதிப்பெண் நெருக்கடியையுமே சுற்றிச் சுற்றி வருகிறது. தேர்வே இல்லாத மாதத்திலும் வந்து தாக்கும் பைபோலார் நோயைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அது வீட்டுக்குள் வரும் விதம் இப்படி இருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பையன் நான்கு இரவாகத் தூங்கவில்லை, களைப்பும் தெரியவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு அலமாரியைக் காலிசெய்து தரையெல்லாம் பரப்பிவைத்திருக்கிறான். பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனி தொடங்கப்போகிறானாம். ‘வயசுக் கோளாறு’ என்கிறார் பாட்டி. கஞ்சாவாக இருக்குமோ என்று அப்பா பையைத் துழாவுகிறார். இரண்டு மாதம் கழித்து அதே பையன் படுக்கையை விட்டு எழாதபோது ‘சோம்பேறி’ என்று திட்டு விழுகிறது. அன்றைய ஆட்டமும் இன்றைய முடக்கமும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கவலையில் தூக்கம் வராமல் புரள்வது வேறு, தூக்கமே தேவைப்படாமல் துள்ளுவது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது ஓர் எண்: 5.8 ஆண்டுகள். 27 ஆய்வுகளை, 9,415 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று, நோய் தொடங்கியதற்கும் உரிய சிகிச்சைக்கும் நடுவில் கழியும் சராசரிக் காலம் இதுதான் என்றது. பத்தாம் வகுப்பில் நோய் தொட்ட பிள்ளை, பிளஸ் டூ எழுதி, பட்டப்படிப்பில் அரியர் வைத்து, நண்பர்களை இழந்து, முதல் வேலையையும் விட்ட பிறகுதான் சரியான மருந்தைப் பார்க்கிறது என்று பொருள். அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனுக்குப் பள்ளி இறுதியாண்டிலேயே இந்த நோய் தொடங்கிவிட்டது. அதற்கான மருந்தான லித்தியத்தை அவர் எடுக்கத் தொடங்கிய 1974இல் கலிபோர்னியாவில் மனநலத் துறை உதவிப் பேராசிரியராகவே ஆகியிருந்தார். உளவியல் படித்தவருக்கே பத்தாண்டு என்றால், பள்ளி ஆலோசகர் ஒருவரிடம் மட்டும் எதை எதிர்பார்ப்பது?

ஆலோசகரால் லித்தியம் எழுதித்தர முடியாது. அதன் ரத்த அளவையும் தைராய்டையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்ல முடியாது. மனச்சோர்வு மட்டுமே கண்ணில் பட்டு, அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு மேனியா, அதாவது தூக்கமின்றித் துள்ளும் நிலை, கிளம்பிவிடும் அபாயமும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா, இதற்கு முன் தூங்காமல் துள்ளிய நாட்கள் உண்டா என்று துருவிக் கேட்க மனநல மருத்துவர் வேண்டும்.

‘பிள்ளைகள்மீது முத்திரை குத்தாதீர்கள்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். அமெரிக்காவில் 1994க்கும் 2003க்கும் இடையே சிறார்களுக்கு பைபோலார் என எழுதப்பட்டது 40 மடங்கு கூடியதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது அமெரிக்காவின் தலைவலி. இங்கே 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பைபோலார் உள்ள பெரியவர்களில் 70 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்றது. வயிறு காய்ந்தவனிடம் அஜீரணத்தைப் பற்றி எச்சரிப்பது கருணையாகாது. முத்திரைக்கு அஞ்சி மறைத்த பிள்ளைக்குத்தான் ஊரார் ‘பைத்தியம்’ என்ற முத்திரையைக் குத்துகிறார்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதம் ஒருநாள் பள்ளிக்கு வரட்டும். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் மதிப்பெண்ணுக்கு முன்னால் தூக்கத்தைப் பற்றி ஆசிரியர்கள் கேட்கட்டும். இந்த இரண்டைச் செய்தாலே அந்த ஆறு ஆண்டு இடைவெளி சுருங்கலாம்.

அரசாணை வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டாம். பிள்ளை தூங்காத இரவுகளையும் எழாத பகல்களையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாமல் அன்றே கூட்டிப்போக வேண்டும்.