பூ என்றால் போதுமா?

வழியோரப் பூவைப் பறித்து பிராந்தியில் ஊறப்போட்டு, சர்க்கரைப் பாகு சேர்த்தால் வீட்டிலேயே ‘லிக்கோர்’ தயார் என்கிறார்கள். “இயற்கைதானே, என்ன செய்யும்?” என்று வேறு கேட்கிறார்கள். அரளியும் இயற்கைதான் ஐயா! ஊமத்தையும் செங்காந்தளும் இயற்கைதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ‘சூரோ’ என்ற பூ தெரியும். பிரான்சில் மே, ஜூனில் அதைப் பறித்து லிக்கோர் செய்வார்கள். அதேபோல் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும் ‘யெப்ல்’ என்ற நச்சுச் செடியும் அங்கே உண்டு. சூரோ, கட்டை முற்றிய புதர்மரம். யெப்ல், ஆண்டுதோறும் தரையிலிருந்து முளைக்கும் பூண்டு. இந்த வித்தியாசம் தெரிந்தவரே பறிப்பார். பச்சைக் காம்பையும் கிள்ளி எறிவார். மே முதல் தேதி அன்பாகக் கொடுக்கும் ‘முகே’ பூவோ இதயத்தையே தாக்கும் விஷம். அதை யாரும் ஊறவைப்பதில்லை.

சாராயம் மணத்தை மட்டுமா இழுக்கும்? விஷத்தையும் இழுக்கும். சர்க்கரை கசப்பை மறைத்துவிடும். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலிருந்தே அரளியை நீக்கியது. சாமிக்கே வேண்டாம் என்ற பூ நம் கிளாசுக்கு எதற்கு?

மாலைக்கடை ரோஜாவும் வேண்டாம், அது மருந்தடித்து வளர்ந்திருக்கும். ஆசையிருந்தால், மருந்து படாத வீட்டுப் பன்னீர் ரோஜா போதும். பெயர் தெரியாத பூவை மட்டும் சீசாவில் போடாதீர்கள்.