கியர்பாக்ஸ் சூட்டைக் காட்ட ஒரு முள்

கம்போஸ்ட் குவியலுக்குள் கடப்பாரையைச் சொருகி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்போம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். 55 முதல் 65 டிகிரி வரை ஏற வேண்டும், அதற்கு மேல் போனால் புரட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் அதற்கென்றே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். எருக்குவியலுக்குத் தெர்மாமீட்டர் வாங்கிய அதே ஆள், லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய டிராக்டரின் கியர்பாக்ஸுக்குள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கான அபராதம் 54,000 ரூபாய்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, லால்குடி பக்கம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வைத்திருக்கிறோம். ஓட்டுவதற்கு ஒரு தம்பி. எங்கள் ஐந்து பேர் நிலம் போக, அக்கம்பக்கத்தில் மணிக்கணக்கு வாடகைக்கும் போகும். போன வருஷம் ஆடியில் என் வயலில் தக்கைப்பூண்டு இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றது. ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுதுகொண்டிருந்தார். வானம் மூட்டமாக இருந்தது. தம்பி வண்டியை நிறுத்தாமலே கத்தினார்: "சார், கால்ல சூடு ஏறுது. ஒரு மாதிரி கருகல் வாடை வருது."

நான் வரப்பில் நின்றபடி எட்டி டேஷ்போர்டைப் பார்த்தேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பச்சையில் சமத்தாக நின்றது. "முள்ளு நல்லாத்தானே இருக்கு தம்பி? இன்னும் ஒரு மாதான் பாக்கி, முடிச்சிட்டு நிறுத்துங்க" என்றேன்.

முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். மறுநாள் காலை லிஃப்ட், ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தவில்லை. தூக்கும், மெல்ல மெல்ல இறங்கிவிடும். பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. பட்டறையில் ஆயிலை இறக்கினால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வந்தது. மெக்கானிக் விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "வறுத்துட்டீங்க சார்" என்றார். ஆயில் சீல்கள் காய்ந்து விறைத்திருந்தன. ஹைட்ராலிக் பம்பும் போயிருந்தது. பிரேக் பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி வழுவழுத்திருந்தன.

நான் பார்த்த முள் எந்த முள் என்று அங்கேதான் உறைத்தது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிற முள். கியர்பாக்ஸ் வேறு உலகம். நம்மிடம் இருக்கும் பெரும்பாலான டிராக்டர்களில் கியர், டிஃபரன்ஷியல், ஆயிலில் மூழ்கிய பிரேக், லிஃப்ட் ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். பெரிய ஏனம் நிறையப் பொதுச்சாம்பார் மாதிரி. அந்த ஆயிலைக் குளிரவைக்க எங்கள் வண்டி மாதிரியான சின்ன வண்டிகளில் தனியாக எதுவும் கிடையாது. இரும்புக் கூண்டின் மேல் படும் காற்றுதான். அந்தக் கூண்டின் மேலே போன பருவத்துச் சேறும் வைக்கோலும் காய்ந்து அப்பியிருந்தால் அந்தக் காற்றும் இல்லை. எங்கள் வண்டியில் அப்பியிருந்தது. ஆயில் மட்டமும் நாலைந்து லிட்டர் குறைவு. டிப்பர் டிரெய்லரை மாட்டிக் கழற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தவர் ஐந்து முதலாளிகளில் ஒருவரும் இல்லை.

இன்னொன்றையும் மெக்கானிக் சொன்னார். லிஃப்ட் லீவரைக் கடைசி வரை மேலே தள்ளி அப்படியே விட்டுவிட்டால் 'கீ...' என்று ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். அழுத்தம் தாங்காமல் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயில் சின்னச் சந்து வழியாகப் பிதுங்கி ஓடுகிற சத்தம் அது. வேலை ஒன்றும் நடக்காது. போகிற டீசல் அத்தனையும் சூடாக மாறி ஆயிலில் இறங்கும். டிப்பரைத் தூக்கி எருவைக் கொட்டும்போது, மேலே முட்டிய பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே நிற்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். நானும் நின்றிருக்கிறேன்.

வங்கியில் இருந்தபோது எத்தனையோ டிராக்டர் கடன் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொட்டேஷன், மார்ஜின் பணம், இன்சூரன்ஸ், நில அடமானம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வண்டி நின்றுபோனால் தவணை எங்கிருந்து வரும் என்று கேட்கும் கட்டம் இல்லை. பருவத்தில் பதினைந்து நாள் வண்டி பட்டறையில் நின்றால் அந்த வருஷ வாடகை வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்படித் தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிய கை இது. "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்று வந்து நின்றவர்களைச் சாக்கு சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிவிட்டோம். நீங்களும் மாட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. மீட்டர், சென்சார், வயர், லேத் கூலி, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,600 ரூபாய் ஆனது.

மாட்டுவதில் நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸ் கூண்டில் எக்காரணம் கொண்டும் நேரடியாகத் துளை போடாதீர்கள். இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் சூட்டை விட அது மோசம். பக்கவாட்டில் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு பிளக்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அதில் துளையிட்டு மரை வெட்டி, சென்சாரை முறுக்கினோம். அடியில் இருக்கும் வடி பிளக்கில் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், தாளும் கட்டையும் அடித்து ஒயர் பிய்ந்துவிடும். தவிர, வடி பிளக்கில் காந்தம் இருந்தால் அது இரும்புத்தூளைப் பிடித்துவைக்கிற வேலை செய்கிறது, அதை எடுக்கக் கூடாது. மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சார் போட்டால் முள் பொய் சொல்லும்.

முள் பொய் சொல்ல இன்னொரு வழியும் இருக்கிறது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த், அதன் மரை வழியாகத்தான் போகிறது. கசிவு வரக் கூடாதென்று எங்கள் எலக்ட்ரீஷியன் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டார். எர்த் சரியாகக் கிடைக்காமல், முள் உள்ளதை விடக் குறைத்துக் காட்டியது. கூட்டிக் காட்டினாலாவது பயந்து நிறுத்துவோம். டேப்பைப் பிரித்து, மரையின் மேல்பக்கம் மட்டும் லேசாகச் சுற்றிய பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. ஆகவே மாட்டுவதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் சென்சார் முனையை விட்டு, அதன் உடம்பை பேட்டரி நெகட்டிவோடு ஒயரால் இணைத்து, மீட்டரைப் பாருங்கள். நம் பக்கத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எங்கள் மீட்டர் 94 காட்டியது. ஆறு டிகிரி குறைத்துக் காட்டும் என்று தெரிந்துகொண்டே மாட்டினோம்.

இதுக்கெல்லாம் செலவு செய்ய முடியாது என்பவர்கள், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரிக் கருவியை வாங்கிக் கூண்டின் மேல் காட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஆயிலை விட வெளிப்புறம் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், பரவாயில்லை. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்ட வாங்கியது வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுத்து வராதீர்கள். அது காய்ச்சல் பார்ப்பது. டிராக்டரிடம் காட்டினால் கைவிரித்துவிடும். நான் காட்டிப் பார்த்தேன்.

எத்தனை டிகிரி வரை போகலாம்? முதலில் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஹைட்ராலிக் ஆயிலுக்குப் பொதுவாக 80 டிகிரியை ஒட்டி எல்லை வைப்பார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. நாங்கள் மீட்டர் கண்ணாடியில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். முள் மஞ்சளுக்கு வந்தால் கியரைக் குறைத்து, ஆழத்தையும் குறைக்க வேண்டும். சிவப்புக்கு வந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு வண்டியை ஸ்லோவில் விட்டுவிட வேண்டும்.

இதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது. நான் ஒரு நோட்டுப் போட்டேன்: தேதி, யார் வயல், ஓட்டியவர் பெயர், எத்தனை மணி நேரம், ஆயில் மட்டம், அதிகபட்சச் சூடு. பழைய புத்தி. மூன்றாவது நாளே எங்கள் கூட்டாளி ஒருவர், "என்ன சார், எங்க மேலயே ஆடிட்டா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். ஓட்டுகிற தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மீட்டரையே பார்க்காமல் ஓட்டினார். முள் ஏறினால் தன் கூலியில் பிடிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி, பெயர் என்கிற கட்டத்தை அடித்தோம். நிறுத்துவதா வேண்டாமா என்பது ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர் இஷ்டம், நிலத்துக்காரர் குறுக்கே பேசக் கூடாது, நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்று முடிவு செய்தோம்.

என்னைக் கேட்டால், அந்த முடிவு இல்லாமல் மீட்டர் மட்டும் மாட்டுவது தண்டச் செலவு. சூடு ஏறுவது அந்தத் தம்பிக்கு மீட்டர் இல்லாமலே தெரிந்திருந்தது. பாதத்தில் தெரிந்தது, மூக்கில் தெரிந்தது. தெரியாதவன் வரப்பில் நின்ற நான். அவர் சொன்னதை நம்பாதவனும் நான்தான். 2,600 ரூபாய் என் ஒருவனை நம்பவைக்க ஆன செலவு.

மாட்டை வைத்து உழுகிற நண்பர்கள் சிரிப்பார்கள். மாடு நுரை தள்ளினால் யாரும் சொல்லாமலே ஏரை அவிழ்த்துவிடுவோம், வாஸ்தவம். ஆனால் இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் உழவுக்கு டிராக்டரைத்தான் கூப்பிடுகிறோம். புது மாடல்களில் செல்போன் சார்ஜ் போடக்கூட இடம் வைத்துத் தருகிறார்கள், இந்த ஒரு முள்ளை வைத்துத் தந்தால் என்ன? வேளாண் பொறியியல் துறை மணி வாடகைக்கு விடும் டிராக்டர்களிலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வாடகைக்கு வைத்திருக்கும் வண்டிகளிலும் முதலில் மாட்ட வேண்டும். பல கை மாறுகிற வண்டிதான் முதலில் வேகிறது.

இந்த ஆடியிலும் தக்கைப்பூண்டு மடக்கினோம். பக்கத்து ஊரில் ஒரு வாடகை வேலை. பாதி வயலில் முள் சிவப்பைத் தொட்டது, தம்பி நிறுத்திவிட்டார். நிலத்துக்காரர் வரப்பிலிருந்து, "மழ கட்டிக்கிட்டு நிக்குது, நீ என்னடா நிறுத்துற?" என்று சத்தம் போட்டார். தம்பி பதில் பேசாமல் மீட்டரைக் கையால் காட்டினார். அவர் ஏறி வந்து குனிந்து பார்த்தார். கூண்டின் மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். முள் மஞ்சளுக்குக் கீழே இறங்க அரை மணி நேரம் ஆனது. மழை அன்றைக்கு வரவேயில்லை.