செய்தவர் பெயர் எங்கே?



"பொம்பளப் புள்ளைக்கு ரேஸ் கார் பத்தி என்ன கட்டுரை?" என்று எங்க வகுப்புப் பையன்கள் கேட்டார்கள். முழுசா படிச்சிட்டு அப்புறம் சிரிங்க என்று சொல்லிவிட்டேன். இது காரைப் பற்றியது மட்டும் அல்ல.

அமெரிக்காவில் 'மசில் கார்' என்று ஒரு வகை உண்டு. பெரிய எஞ்சின் வைத்து, வேகத்துக்காகவே விற்கும் கார். அதில் பேர் போனது ஃபோர்டு கம்பெனியின் மஸ்டாங். ஓடுகிற குதிரைதான் அதன் சின்னம். 1990-களில் அதிலேயே 'கோப்ரா' என்று ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. அதில் நல்லபாம்பு படம் இருக்கும். 1996-இல் வந்த கோப்ராவின் எஞ்சின் 4.6 லிட்டர், 8 சிலிண்டர், 32 வால்வு, 305 குதிரைத்திறன். அந்த வருஷம் சுமார் 10,000 கார்கள்தான் செய்தார்கள்.

இதெல்லாம் பையன்களுக்குப் பிடித்த கணக்கு. எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் காரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் இரண்டு பேருடைய கையெழுத்து இருக்கும். முதலாளி கையெழுத்தும் இல்லை, நடிகர் கையெழுத்தும் இல்லை. அந்த எஞ்சினைப் பூட்டிய இரண்டு தொழிலாளிகளின் கையெழுத்து! மிச்சிகன் மாநிலத்தில் ரோமியோ என்ற ஊரில் இருந்த எஞ்சின் தொழிற்சாலையில், இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு எஞ்சினை முதலில் இருந்து கடைசி வரை கையால் பூட்டுவார்கள். முடிந்ததும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தொழிற்சாலை இப்போது மூடப்பட்டுவிட்டது. ஆனால் கையெழுத்து இன்னும் அந்தக் கார்களில் இருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. அதே ரோமியோவில் அதே வருஷம் சாதாரண மஸ்டாங்குக்கும் எஞ்சின் செய்தார்கள். அதில் யார் கையெழுத்தும் கிடையாது. சாதாரண எஞ்சினைப் பூட்டியவருக்கும் கை வலிக்கும்தானே? அவரும் போல்ட்டைச் சரியாக முடுக்கியதால்தானே கார் ஓடியது? விலை அதிகமான பொருளைச் செய்தவருக்கு மட்டும் பெயர், மற்றவருக்குப் பெயர் இல்லை என்பது என்ன நியாயம்?

அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது, நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். அதே ஃபோர்டு கம்பெனி நம்ம பக்கத்தில் மறைமலை நகரில் இருந்தது. அப்போது அது நம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. அங்கே 1999-இல் ஐகான் கார் செய்தார்கள். அப்புறம் ஃபிகோ, எக்கோஸ்போர்ட் எல்லாம் செய்து கப்பலில் வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். 2021-இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 2022-இல் அந்த வரிசை நின்றது. இன்றும் நம்ம ரோட்டில் அந்தக் கார்கள் ஓடுகின்றன. கம்பெனி பெயர் பெரிதாக முன்னால் இருக்கிறது. அதைப் பூட்டிய நம்ம ஊர் அண்ணன்களின் பெயர் எங்கேயும் இல்லை.

எங்க பெரியப்பா பொண்ணு ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டும் வேலை செய்கிறாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். நின்றுகொண்டேதான் வேலை. மூன்று வருஷம் ஆகியும் அட்டையில் 'ட்ரெய்னி' என்றுதான் இருக்கிறது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு புதுக் கார் போனது. அக்கா அதையே பார்த்தாள். "இதுல நான் கட்டின ஒயர் இருக்கலாம்டி, ஆனா யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது" என்றாள். வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனால், "இத்தனை காருக்கு ஒயர் கட்டினேன்" என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பெயர் என்பது பெருமைக்கு மட்டும் இல்லை, பிழைப்புக்கும் வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையைப் பாருங்கள். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் சேர்த்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கோப்ரா எஞ்சின் மாதிரியேதான்! 2005-இல் நம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்தது, நல்லதுதான். பெட்டி மேல் கடையின் பெயரும் இருக்கிறது. நெய்த இரண்டு பேரின் பெயரை எந்தச் சேலையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

"அதெல்லாம் பழக்கத்தில் இல்லை" என்று சிலர் சொல்லலாம். நம்ம உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. எல்லோரும் தேர்தல் முறையைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் கல்வெட்டின் முடிவில், சபையார் சொல்ல இதை எழுதினேன் என்று எழுதியவரின் பெயரும் இருக்கிறது. காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்களப்பிரியன் என்பது அவர் பெயர். அவர் ராஜா இல்லை. சபையார் சொன்னதை எழுதியவர். 1,100 வருஷம் ஆகியும் அவர் பெயர் அழியவில்லை. அப்படியென்றால் இது நம்ம ஊர்ப் பழக்கம்தான், நாம்தான் விட்டுவிட்டோம்.

"பெயர் போட்டால் தப்பு நடக்கும்போது தொழிலாளி தலையில் பழி விழுமே?" என்று எங்க அப்பா கேட்டார். நல்ல கேள்விதான். 1999-இல் வந்த கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் சோதித்தபோது அவ்வளவு இல்லை. கம்பெனி விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்து, காற்று உள்ளே போகும் பாகத்தையும் புகை வெளியேறும் பாகத்தையும் மாற்றிக் கொடுத்தது. குறை அந்தப் பாகங்களில்தான் இருந்தது, கையெழுத்துப் போட்ட இரண்டு பேரிடம் இல்லை. அதனால் பெயர் இருந்தாலே பழி வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

"ஒரு கார் எத்தனையோ பேர் கை மாறி வருது, எல்லார் பேரையும் எங்கே ஒட்டுறது?" என்றும் கேட்பீர்கள். காரில் ஒட்ட இடம் இல்லை என்றால் ஏட்டில் எழுதலாமே. இந்த மாசம் இந்த வரிசையில் இவர் இந்த வேலை செய்தார் என்று எழுதி, அதில் ஒரு நகலை அவர் கையில் கொடுக்கலாமே. அதற்கு என்ன பெரிய செலவு?

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மறைமலை நகரில் எஞ்சின் செய்யப் போவதாக ஃபோர்டு 2025 அக்டோபரில் அறிவித்தது. 2029-இல் உற்பத்தி தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒன்பதாவது படிக்கும் நாம் அந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிப்போம். நம்மில் சிலர் அங்கேயோ ஒரகடத்திலோ வேலைக்குப் போகலாம். அப்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். கூடவே, என் வேலைக்கு என் பெயர் எங்கே இருக்கும் என்றும் கேட்க வேண்டும். அட்டையில் எத்தனை வருஷம் ட்ரெய்னி என்றும் கேட்க வேண்டும்.

அதற்கு நம் பள்ளியிலேயே பழகலாம். இந்தச் சுவர்ப் பத்திரிகையில் இதுவரை கட்டுரை எழுதியவர் பெயர் மட்டும்தான் வரும். அழகாகப் படியெடுத்தவர், ஓரத்தில் பூ வரைந்தவர், பசை காய்ச்சி ஒட்டியவர் பெயர் வராது. தமிழ் ஐயாவிடம் கேட்டேன். "சரிம்மா, போடுங்க" என்று அனுமதி தந்தார். இந்தத் தாளின் கீழ் மூலையைப் பாருங்கள். மூன்று பேரும் அவரவர் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கையெழுத்தில் பசையும் ஒட்டியிருக்கிறது.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி