இரவுப் பணியும் இரைச்சல் மதிலும்

இசை என்றால் இன்பம் தருவது என்றே நாம் கருதி வந்திருக்கிறோம். சுருதி சேர்தல், தாளம் தவறாமை, கேட்போர் உள்ளம் உருகுதல் ஆகிய மூன்றும் இல்லையேல் அதனைக் கச்சேரி என்றழைக்க நமக்கு மனம் வாராது. இம்மூன்றையும் வேண்டுமென்றே விலக்கிய ஓர் ஒலிக்கலை சில பத்தாண்டுகளாக மேல்நாடுகளில் பயின்று வருகிறது. ஹார்ஷ் நாய்ஸ் வால் என்பது அதன் பெயர். இரைச்சல் மதில் என நாம் வழங்குவோம். இளைஞர் எவரேனும் தம் இல்லத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வானொலி பழுதாயிற்று என்றே வீட்டார் எண்ணுவர்.

இதன் அமைப்பு எளிது. எந்த நிலையமும் அகப்படாத இடத்தில் வானொலியில் எழும் சரசரப்பையோ, ஒலிவாங்கியின்மீது ஒரு பொருள் உரசும் ஓசையையோ மூலமாகக் கொள்வர். கிட்டார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் டிஸ்டார்ஷன் பெட்டிகள் இரண்டு மூன்றின் வழியே அதனை அடுத்தடுத்துச் செலுத்துவர். ஒலியலையின் முகடுகள் பெட்டியின் எல்லையில் முட்டித் தட்டையாகும். வெட்டுண்ட இடத்திலிருந்து புதிய அதிர்வுகள் பல கிளைக்கும். அடியில் இடி உருள்வது போன்ற உறுமல், மேலே காய்ந்த எண்ணெயில் நீர் தெளித்தாற்போன்ற பொரிவு. இடைவெளியின்றி எல்லாம் நிரம்பியபின் கலைஞர் கையை எடுத்துவிடுவார். அரை மணியோ ஒரு மணியோ அது அப்படியே நிற்கும். குற்றாலத்து அருவியின் கீழ்த் தலை கொடுத்தவர்க்கு இது முற்றிலும் புதிதன்று.

இதற்கு முன்னோர் உண்டு. நகரத்தின் ஆலைகளுக்கும் மோட்டார்களுக்கும் பழகிய காதுக்குப் பழைய இசைக்கருவிகள் போதா என்று இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913ஆம் ஆண்டிலேயே வாதிட்டு, இரைச்சல் எழுப்பும் பெட்டிகளையும் செய்தார். அமெரிக்கப் பாடகர் லூ ரீட் 1975இல், கிட்டாரும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் ஊளையை மட்டும் இரண்டு இசைத்தட்டுகளில் பதிந்து வெளியிட்டார். கடைசிப் பக்கத்தின் முடிவில் ஊசி ஒரே வட்டத்தில் சுழலும்படி பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. எவரேனும் எழுந்து ஊசியைத் தூக்கும்வரை ஒலி ஓயாது. ஜப்பானில் மசாமி அகிதா 1979 முதல் மெர்ஸ்போ என்ற பெயரில் இத்துறையில் உழைத்து வருகிறார். எனினும் இவர்களுடைய இரைச்சலில் ஏற்ற இறக்கம் உண்டு. அதனையும் அகற்றியவர்கள் பின்வந்தோர். கனடாவில் த ரீட்டா என்ற பெயர் பூண்ட சாம் மெக்கின்லி ஒருவர். பிரான்சில் வோமிர் என்ற பெயர் பூண்ட ரொமேன் பெரோ மற்றொருவர். வோமிர் என்றால் பிரெஞ்சு மொழியில் வாந்தியெடுத்தல். பெயர்ப் பொருத்தம் குறித்து நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒலியில் மாற்றமும் கூடாது, வளர்ச்சியும் கூடாது, கருத்தும் கூடாது என்பது அவர் கொள்கை. மேடையில் தலைமீது கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார். (குழந்தைகள் உள்ள வீட்டில் இது செய்து பார்க்கத் தக்கதன்று.)

இவ்வொலியைக் கேட்கையில் நம் நினைவுக்கு வருவது தனியாள் செய்யும் இரவுப் பணி. குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரசர் அறை, நீரேற்று நிலையத்தின் மோட்டார், மருத்துவமனையின் பின்கட்டிலுள்ள ஜெனரேட்டர், இந்நாளில் கணினிகள் அடுக்கிய கூடங்களில் ஓயாது சுழலும் விசிறிகள். இவற்றின் அருகே ஒருவர் மட்டும் விடியும்வரை அமர்ந்திருக்கிறார். ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுக்கு இப்பணி அயலானதன்று.

மாறாத ஒலியை மனம் மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஓடும் மின்விசிறியின் ஓசை நமக்குக் கேட்பதில்லை; மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்ததும் உறக்கம் கலைகிறது. பொறியருகே இருப்பவரும் கேட்பது ஓசையை அன்று, ஓசையில் வரக்கூடிய மாற்றத்தை. பேரிங் தேயும் கீச்சொலி, பெல்ட் நழுவும் படபடப்பு ஆகியவற்றுக்காகவே அவருக்குச் சம்பளம். மாற்றம் வாராத இரவே அவருக்கு நல்ல இரவு. இரைச்சல் மதிலின் முன் அமர்பவரும் அவ்வாறே மாற்றத்துக்காகக் காத்திருக்கிறார், அது வருவதில்லை. நேரம் செல்லச் செல்ல, இல்லாத குரல்கள் கேட்பது போலிருக்கும். யாரோ பெயர் சொல்லி அழைத்தாற்போலத் தோன்றும். ஒழுங்கற்ற ஓசையில் பழகிய வடிவத்தைத் தேடுவது மூளையின் இயல்பு. இரவுக் காவல் செய்தவர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உழைப்புக்கு நம்மிடம் பாட்டுப் பஞ்சமில்லை. நாற்று நடுவோர்க்கும் ஏற்றம் இறைப்போர்க்கும் ஓடம் வலிப்போர்க்கும் பாட்டு உண்டு. அங்கே மூச்சும் கையும் தாளத்தை வகுத்தன. பொறி தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொண்டபின் அருகிலிருப்பவர் மூச்சுக்கு வேலையில்லை, பாடினாலும் கேட்பாரில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் முழக்கத்தில் பேச்சுக் கேளாமையால், தொழிலாளர்கள் உதட்டசைவாலேயே உரையாடக் கற்றிருந்தனர். அவர்களுக்கு எதிரே ஒரு முகமாவது இருந்தது. தனியாள் இரவுக்கு அதுவும் இல்லை. அவ்விரவை இனிய மெட்டில் பாடினால் பொய்யாகிவிடும். இரைச்சல் மதில் அப்பொய்யைச் சொல்வதில்லை. இக்கலையிடம் நாம் மதிப்பது இதனையே.

ஆயினும் கலைஞரும் கேட்பவரும் விரும்பி மதிலுக்குள் புகுகின்றனர். விசையை அழுத்தினால் வெளியேறலாம். பணியாளரோ மாற்றாள் வரும்வரை எழ இயலாது. இவ்வேறுபாட்டை மறந்து இரவுப் பணியைத் தவமென்று புகழ்வோரோடு நமக்கு உடன்பாடில்லை.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி வரையும், 90 டெசிபலை 4 மணி வரையுமே கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பொறியருகே இரவெல்லாம் இருந்து வருபவர் தம் பங்கை முன்னரே செலவிட்டிருப்பார். ஹெட்போனில் மேலும் இரைச்சல் அவருக்கு ஆகாது. ஓரறை வீட்டில் அவர் உறங்குவதோ பகல் பத்து மணிக்கு. மிக்சியும் தொலைக்காட்சியும் மாடிப்படிக் குழந்தைகளும் முழங்கும் வேளை அது. மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதன் ஓசையால் பிற ஓசைகளை மறைத்துச் சிலர் கண்ணயர்கின்றனர். மதில் அவர்களுக்கு உண்மையில் உதவுவது அப்போதுதான். மின்வெட்டு நேர்ந்தால் அதுவும் போயிற்று. அந்த அரை மணி நேரம் அடுப்படியில் பாத்திரங்களைச் சற்று மெல்ல வைத்தால் போதும்.