உயரம் குறைந்த சென்டர்

கூடைப்பந்தில் சென்டர் என்றாலே ஏழடி ஆள்தான் வேண்டும் என்று இன்னும் பலர் சாதிக்கிறார்கள். வெஸ் அன்செல்டை அவர்கள் மறந்துவிட்டார்கள். உயரம் வெறும் 6 அடி 7 அங்குலம். 1968-69 பருவத்தில் பால்டிமோர் புல்லட்ஸ் அணிக்கு வந்த முதல் வருடமே, என்பிஏவின் சிறந்த புதுமுகம், மிகவும் மதிப்புமிக்க வீரர் என இரண்டு விருதுகளையும் தட்டிச்சென்றார். அதற்கு முன் அப்படிச் செய்தவர் வில்ட் சேம்பர்லின் ஒருவரே. அவர் ஏழடியையும் தாண்டியவர்! அன்செல்ட் எம்பிக் குதிப்பதில் போட்டி போடவில்லை. பந்து வளையத்தில் பட்டுத் திரும்புவதற்குள் எதிராளியின் தொடையில் இடுப்பைக் கொடுத்து நெம்பி, இடத்தைப் பிடித்துவிடுவார். பந்து கைக்கு வந்ததும், இரு கைகளாலும் தலைக்கு மேலிருந்து ஒரே வீச்சில் மைதானத்தின் மறுபாதிக்கு அனுப்புவார். அந்த பாஸுக்கு ஈடாக இன்றுவரை எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

உயரம் குறைந்த சென்டர் பின்னாளிலும் கைகொடுத்ததுண்டு. 2015 என்பிஏ இறுதித் தொடரில் 1-2 எனப் பின்தங்கிய கோல்டன் ஸ்டேட், ஏழடி ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, ஆறரை அடி டிரேமண்ட் கிரீனை சென்டராக நிறுத்தியது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையை வாங்கியது. எல்லா அணிக்கும் இது பலிக்காதுதான். 2020இல் 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரை நம்பிய ஹூஸ்டன், லேக்கர்ஸிடம் 4-1 என்று தோற்றது. ஆனால் அந்த லேக்கர்ஸும் தொடரின் நடுவிலேயே தன் நெட்டை சென்டர்களை ஓரங்கட்டிவிட்டுத்தான் ஜெயித்தது.