துடைத்தால் மட்டும் போதுமா?



வேப்பந்தட்டையிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்தது. அவருடைய மகன் விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டு, சிறிய விமானங்களில் பயிற்சி அளிக்கும் ஓரிடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். அங்குள்ள செஸ்னா 172 விமானம் ஒன்றின் அடிப்பாகத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தது. மகன் எஞ்சினின் பின்பகுதியில் ஈரமாக இருந்த ஒரு கேஸ்கெட்டை மாற்றினார், கறையைத் துடைத்தார், சரியாகிவிட்டது என்று சொன்னார். மறுநாள் விமானம் பறந்து திரும்பியபோது அதே கறை மீண்டும் காணப்பட்டது. மூத்த பொறியாளர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டு, முதலிலிருந்து தேடச் சொல்லிவிட்டார். இரண்டு நாள்கள் அதிலேயே கழிந்தன. கடைசியில் கசிவு எஞ்சினின் முன்புறத்தில், மேலே, வேறோர் இடத்தில் இருந்ததாம். மனம் வெறுத்த மகன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொல்கிறார். "சில சொட்டு எண்ணெய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவைதானா?" என்பது அந்தத் தாயின் கேள்வி.

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வேப்பந்தட்டைப் பகுதியில் டிராக்டரையும் டீசல் எஞ்சினையும் காணாத வீடு குறைவு. அவற்றின் அடியில் எண்ணெய் சொட்டினால் ஒரு பழைய தகரத்தை வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம். எஞ்சின் சூடேறி நின்றுவிட்டால், புளியமர நிழலில் நிறுத்தி ஆள் அனுப்பி மெக்கானிக்கை அழைத்து வரலாம். ஆகாயத்தில் அப்படி ஒரு நிழல் இல்லை, சகோதரி. அந்தச் சிறிய விமானத்துக்கு எஞ்சின் ஒன்றுதான். எண்ணெய் தீர்ந்தால் உள்ளே உராயும் பாகங்கள் சூடேறி இறுகி எஞ்சின் நின்றுபோகும். கசியும் எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாய்மீது பட்டால் தீப்பற்றக்கூடும். முன்கண்ணாடியில் தெறித்துப் படர்ந்தால் விமானிக்குத் தரையே தெரியாது. ஆகவே கேள்வி சில சொட்டுகளைப் பற்றியதன்று. அவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பற்றியது.

அதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் லைகாமிங் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் குளிர்விப்பது தண்ணீரன்று, காற்று. விமானம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, முன்புறமாக நுழையும் காற்று சிலிண்டர்களின் மேலிருந்து கீழாகப் பாய்ந்து பின்புறம் வழியாக வெளியேறுகிறது. முன்னால் ஒரு துளி கசிந்தால் காற்று அதைக் கீழும் பின்னும் இழுத்துச் சென்று, எஞ்சினின் பின்பகுதி முழுவதையும் நனைத்துவிடும். எண்ணெய் தெரிகிற இடம் அது போய்ச் சேர்ந்த இடமே தவிரப் புறப்பட்ட இடமன்று. உங்கள் மகன் மாற்றிய கேஸ்கெட் ஈரமாக இருந்தது உண்மை. ஆனால் அது நனைந்ததே தவிரக் கசியவில்லை.

இதனால்தான் அனுபவமிக்க பொறியாளர் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை, கேள்விகளை எடுக்கிறார். எத்தனை மணி நேரப் பறப்புக்கு எவ்வளவு எண்ணெய் குறைந்தது? எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கியதா? கடைசியாக எந்தப் பாகத்தைக் கழற்றிப் பூட்டினார்கள்? அண்மையில் கைபட்ட இடத்தின்மீதே முதல் ஐயம் விழ வேண்டும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினார்களா என்பதும் முக்கியமான கேள்வி. இத்தகைய எஞ்சின் ஒன்றின் முழுக் கொள்ளளவு எட்டு குவார்ட், அதாவது ஏறத்தாழ ஏழரை லிட்டர். விளிம்புவரை நிரப்பினால், எஞ்சின் மூச்சுவிடும் குழாய் வழியாக உபரி எண்ணெய் வெளியே தள்ளப்பட்டு விமானத்தின் அடியில் படியும். அது கசிவே அன்று. அதற்காக கேஸ்கெட்டை மாற்றுவது வீண் செலவு.

கேள்விகள் முடிந்தபின் எஞ்சின் முழுவதையும் கரைப்பான் கொண்டு கழுவி உலர்த்துகிறார்கள். துடைப்பது இங்கே கறையை மறைப்பதற்காக அன்று, புதிய கறையைக் காண்பதற்காக. பிறகு தரையிலேயே சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பார்க்கிறார்கள். ஈரமான இடங்களுள் எது எல்லாவற்றுக்கும் முன்னால், எது எல்லாவற்றுக்கும் மேலே என்று தேடுகிறார்கள். அங்கேதான் ஊற்று இருக்கும். முன்விசிறிக்குப் பின்னுள்ள ஆயில் சீல், சிலிண்டர் தலைகளின் மூடிகள், வால்வுகளை இயக்கும் தண்டுகளை மூடியிருக்கும் குழாய்கள், ஆயில் பில்டர், எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதிக்குச் செல்லும் குழாய்கள் ஆகியவை வழக்கமாகச் சோதிக்கப்படும் இடங்கள். கண்ணுக்குப் பிடிபடாத நுண்ணிய கசிவானால் வெண்ணிறப் பொடியைத் தூவிவிட்டு ஓட்டுவார்கள். எண்ணெய் வந்த தடம் பொடியில் கோடாகத் தெரியும். அல்லது எண்ணெயில் ஒருவகைச் சாயத்தைக் கலந்து ஓட்டி, புற ஊதா விளக்கொளியில் பார்ப்பார்கள். கசியும் இடம் பளிச்சென்று ஒளிரும்.

கசியும் இடத்தைக் கண்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. அது ஏன் கசிகிறது என்று கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள நம் சமையலறைக்கு வருவோம். பிரஷர் குக்கரில் வெயிட் அமரும் துளையைப் பருப்பு அடைத்துக்கொண்டால், ஆவி மூடியின் ரப்பர் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறும். புதிய ரப்பர் வாங்கிப் போட்டால் தீருமா? துளையைச் சுத்தம் செய்ய வேண்டுமல்லவா? விமான எஞ்சினிலும் அப்படியே. மூச்சுக்குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி முன்புற ஆயில் சீலையே வெளியே தள்ளிவிடும். குளிர்நாடுகளில் அக்குழாயின் முனையில் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி இவ்வாறு நேர்வதுண்டு. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து போனாலும் எரிந்த வாயு கீழே இறங்கி இதே அழுத்தத்தை உண்டாக்கும். அதை அறிய ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்தி அது எங்கே தப்புகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அப்போது எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு திரும்பி வரும்.

இவ்வளவு எச்சரிக்கை பெரிய விமானங்களுக்கும் உண்டா என்று கேட்பீர்கள். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1983 மே 5ஆம் நாள், அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவிலுள்ள நசாவுக்கு ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானம் 172 பேருடன் புறப்பட்டது. அதற்கு எஞ்சின்கள் மூன்று. நடு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் குறையவே, விமானி அதை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பினார். சிறிது நேரத்தில் மற்ற இரண்டின் முட்களும் பூஜ்யத்தைக் காட்டின. மூன்று எஞ்சின்களிலும் ஒரே வேளையில் எண்ணெய் தீருமா? காட்டும் கருவிதான் பழுதாகியிருக்கும் என்று விமானிகள் எண்ணினார்கள். கருவி பொய் சொல்லவில்லை. இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கடலில் இறங்க நேரும் என்று பயணிகள் மிதவை உடை அணிந்துகொண்டார்கள். ஏறத்தாழ 4,000 அடி உயரத்துக்கு இறங்கியபோது, முதலில் நிறுத்திய நடு எஞ்சின் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஒன்றைக் கொண்டு விமானம் மயாமியில் தரையிறங்கியது. உயிரிழப்பு இல்லை.

காரணம் என்ன தெரியுமா? எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று அறியப் பொருத்தும் காந்தக் கருவியை முந்திய இரவுப் பராமரிப்பில் மாற்றியிருந்தார்கள். அதனுடன் சேர வேண்டிய சிறு ரப்பர் வளையங்களை மூன்று எஞ்சின்களிலுமே போடவில்லை. வழக்கமாக வளையம் மாட்டிய நிலையிலேயே கருவி கைக்கு வரும். அன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். எஞ்சினைச் சில விநாடிகள் மட்டுமே சுழற்றிப் பார்த்தார்கள். கசிவு வெளிப்பட அது போதவில்லை. ஆனால் வேலை முடிந்ததாகப் படிவத்தில் கையெழுத்து விழுந்திருந்தது.

சிங்கப்பூர் செல்லும் நம்மவர்கள் அறிந்த நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2010 நவம்பர் 4ஆம் நாள் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டாஸ் விமானத்தில் 469 பேர் இருந்தார்கள். எஞ்சினுள் இருந்த ஒரு சிறு எண்ணெய்க் குழாய், உட்துளை நடுவிலிருந்து விலகிக் குடையப்பட்டதால் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அது விரிசல் கண்டு, எண்ணெய் கசிந்து தீப்பற்றி, எஞ்சின் ஆகாயத்திலேயே வெடித்தது. விமானம் சாங்கிக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை.

சகோதரி, உங்கள் மகன் ஒருநாள் இந்திய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றால், விமானம் பறக்கத் தகுதியுடையது என்று அவரே கையெழுத்திடுவார். அதில் ஏறும் பயிற்சி மாணவனுக்கு அவரைத் தெரியாது. அந்தக் கையெழுத்தை மட்டுமே நம்பி ஏறுகிறான். அது அவரிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டது மனத்தை வருத்தியிருக்கும். தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் தேடச் சொன்னதில் தவறில்லை.

மகன் அந்த இரண்டு நாள்களை வீணானவை என்று எண்ண வேண்டாம். கசிவு முன்புறத்தில், மேலே இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை அவர் தம் கையால் கற்றுக்கொண்ட நாள்கள் அவை. அடுத்த முறை அவர் பின்னால் தேடமாட்டார். ஊருக்கு வரட்டும், இரண்டு நாள் உங்கள் கையால் சாப்பிட்டு இளைப்பாறட்டும். பிறகு வேலைக்கே திரும்பட்டும் என்பது நமது கருத்து.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் நாளைக் காலை ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டால் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நன்றாகத் துடையுங்கள், சிறிது நேரம் ஓடவிடுங்கள், குனிந்து பாருங்கள். அடுத்த இதழில் வேறொரு கேள்வியுடன் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.